நெடிலுக்கு ஒரு பெரிய எட்டு

ஜனவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே சுகமாக இருக்கிறேன். நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? என் மகள் பம்பரத்துக்குச் சளி விட்டதா? இங்கே குளிர் எலும்பு வரை இறங்குகிறது. ஆஸ்பத்திரிக்குள் இருக்கும்வரை தெரிவதில்லை. வேலை முடிந்து அறைக்கு நடக்கும்போதுதான் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கத் தொடங்கிவிட்டார்கள், இவளுக்கு மட்டும் ஒரு எழுத்தும் ஏறவில்லை, ஓரிடத்தில் உட்காருவதே இல்லை, இன்னொரு வருஷம் அதே வகுப்பில் இருக்கட்டும் என்று டீச்சர் சொன்னாரே, அதுதான். அவள் அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவரும் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்த மனிதர்தானே. அவர் போய்ச் சேர்ந்து, நான் இந்த நர்ஸ் வேலைக்கு இவ்வளவு தூரம் வந்து, அவளை உங்கள் கையில் விட்டு இரண்டாவது வருஷம் நடக்கிறது. என்னால் செய்ய முடிந்தது கடிதம் எழுதுவது மட்டும்தான்.

போன் செய்தால் அவள் பேசுவதில்லை. மூச்சு மட்டும் கேட்கிறது. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஒரு ஆசை அண்ணா. நான் எழுதுவதை நீங்கள் படித்துக் காட்டாமல் அவளே படிக்க வேண்டும். அது எப்போது நடக்கும்?

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் விசில் ஊதிக்கொண்டே திரியாதீர்கள்.

உங்கள் தங்கை

ஜனவரி 28

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். சளி போய்விட்டது. இப்போது இருமல் வந்திருக்கிறது, அதுவும் எனக்கு. உன் மூக்கு இருந்த இடத்திலேயே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு வேடிக்கை கேள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார். மாற்றுக்கு ஆள் கிடைக்கவில்லை. தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "மாஸ்டர், ஆள் வர்ற வரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்" என்று சாக்பீஸ் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார். டிரில் மாஸ்டருக்கு ஒன்றாம் வகுப்பு! இத்தனை காலம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்தவன் நான். எழுத்தை வரிசையில் நிற்க வைக்கத் தெரியுமா?

முதல் நாள் கரும்பலகையில் 'ட' எழுதினேன். உன் மகள் அதைப் பார்க்கவே இல்லை. பெஞ்சுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் வந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை, எனக்கே உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தது. "எல்லாரும் வெளிய வாங்க" என்று விசில் அடித்தேன். மைதானத்தில் சாக்பீஸால் பெரியதாக ஒரு 'ட' போட்டேன். ஒரு முனையில் பம்பரத்தை நிறுத்தினேன்.

"நேரா போ. திரும்பு. மறுபடி நேரா போ. அவ்வளவுதான்."

போனாள். திரும்பி வந்து மறுபடி போனாள். கடைசியில் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, வெறும் தரையில் நடந்து காட்டி, "மாமா, இது ட" என்றாள். அப்புறம் 'ப'. 'ட' போய் நிற்கிற இடத்திலிருந்து மேலே ஏறினால் 'ப' என்று நான் சொல்லவில்லை, அவளே ஏறினாள்.

சாயங்காலம் உன் அண்ணி தைத்துக்கொண்டிருந்த துணியில் சுண்ணக்கட்டிக் கோடு ஒன்று மூலை திரும்புவதைப் பார்த்துவிட்டு, "அத்தை, சட்டையில ட இருக்கு" என்று கத்தினாள். அண்ணி ஊசியில் விரலைக் குத்திக்கொண்டாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. அண்ணி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன் அண்ணன்

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணனுக்கு,

என் சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் இருமலுக்கு வெந்நீர் குடிக்கிறீர்களா? அண்ணியின் விரல் ஆறிவிட்டதா?

உங்கள் கடிதத்தைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். எங்கள் வார்டின் நடைபாதை நேராகப் போய் மருந்தறைப் பக்கம் திரும்புகிறது. தினமும் அதில்தான் நடக்கிறேன், இப்போதுதான் தெரிந்தது அது 'ட' என்று. நேற்று ஒரு நோயாளியின் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அதில் போனபோது, இதே நேரத்தில் அவளும் எங்கோ திரும்பிக்கொண்டிருப்பாள் என்று தோன்றியது. கூட வேலை பார்க்கிறவள், "என்ன தனியா சிரிக்கிற?" என்றாள். என்ன சொல்வது?

அடுத்து என்ன எழுத்து? எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? எல்லாவற்றையும் விவரமாக எழுதுங்கள், நான் பார்த்த மாதிரி இருக்க வேண்டும். 'அம்மா' வந்துவிட்டதா? பாடப் புத்தகத்தில் முதல் வார்த்தையே அதுதானே.

அவள் தூங்கும்போது இப்போதும் காலை உதறுகிறாளா? போர்த்திவிடச் சொல்லுங்கள் அண்ணியிடம்.

உங்கள் தங்கை

மார்ச் 10

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் திடமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இரு. இருமல் என்னை விட்டு அண்ணியிடம் போய், அங்கே வரவேற்பில்லாமல் வெளியேறிவிட்டது.

விவரமாக எழுதச் சொன்னாய். கேட்டுக்கொள். நம் எழுத்துக்குக் கால் இருக்கிறது, கொம்பு இருக்கிறது. சின்ன வயதிலிருந்து துணைக்கால், ஒற்றைக் கொம்பு என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். எழுத்துக்கே காலும் கொம்பும் இருக்கும்போது, படிக்கிற பிள்ளை மட்டும் ஏன் பெஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்?

அதனால் இப்படிச் செய்கிறோம். குறில் என்றால் ஒரு சின்னக் குதி. நெடில் என்றால் பெரிய எட்டு, வாயும் அதே நீளத்துக்குத் திறக்க வேண்டும். புள்ளி வைத்த எழுத்தென்றால் இருந்த இடத்திலேயே எம்பி, தலைக்கு மேல் கை தட்டி, அப்படியே சிலை மாதிரி நின்றுவிட வேண்டும். 'படம்' என்றால் குதி, குதி, சிலை. அந்த 'ப'வுக்குப் பக்கத்தில் தபால்காரர் மகனைத் துணைக்காலாகக் கொண்டுபோய் நிறுத்தினால் 'பாடம்'. முதல் எட்டு நீண்டுவிடும். "மாமா, படத்துக்குக் கால் முளைச்சா பாடமா?" என்று உன் மகள் கேட்டாள். வகுப்பே சிரித்தது. தபால்காரர் மகன் மட்டும் துணைக்கால் வேலையை விட்டு நகரமாட்டேன் என்கிறான். அவனுக்கு இன்னும் படிக்க வரவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்துவிடுகிறது என்று நினைக்காதே. சிலருக்குக் குதிப்பது மட்டும்தான் வருகிறது.

தலைமை ஆசிரியை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "பெஞ்செல்லாம் எதுக்கு வாங்கிப் போட்டிருக்கோம் மாஸ்டர்?" என்றார். "பையை வைக்கத்தான் மேடம்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்து வகுப்புக்குச் சத்தம் வராமப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பம்பரம் இப்போது அணில், அலை, பட்டம், தாளம், மாமா எல்லாம் குதிக்கிறாள். குதித்து முடித்ததும் புத்தகத்தில் அதைத் தேடி விரல் வைக்கிறாள். முக்கால்வாசி சரியாக இருக்கிறது. 'மாமா'வுக்கு இரண்டு பெரிய எட்டு வைத்து என் வயிற்றில் வந்து முட்டுகிறாள்.

குளிரில் காதை மூடிக்கொண்டு நட. அண்ணி உனக்கு ஒரு கம்பளித் தொப்பி தைக்கிறாள்.

உன் அண்ணன்

மார்ச் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். அண்ணியின் தொப்பிக்காகக் காது காத்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் எப்படி?

மாமாவுக்கு இரண்டு பெரிய எட்டா? பொறாமையாக இருக்கிறது. என் அறையில் இரண்டு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். ஆனாலும் வைத்துப் பார்த்தேன்.

அண்ணா, ஒன்று கேட்கிறேன். 'அணில்' வந்துவிட்டது, அப்படியென்றால் அ தெரியும். 'பட்டம்' வந்துவிட்டது, கடைசியில் ம் இருக்கிறது. 'மாமா'வில் மா இருக்கிறது. அப்புறம் என் வார்த்தைக்கு என்ன குறை? சேர்த்துவைத்தால் போதுமே. போன கடிதத்திலேயே கேட்டேன். நீங்கள் மறந்துவிட்டீர்கள்.

இதோடு அவளுக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில், அவளுக்குத் தெரிந்த எழுத்துகளில்தான் எழுதியிருக்கிறேன். நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். கையில் கொடுத்துவிடுங்கள். படித்துவிட்டு என்ன செய்தாள் என்று எழுதுங்கள்.

வெயில் ஏறியிருக்கும். மைதானத்தில் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை

ஏப்ரல் 25

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான். நீ நலம்தானே?

இங்கே வெயில் கொளுத்துகிறது. மைதானத்தில் காலையில் மட்டும்தான் நிற்க முடிகிறது, அப்புறம் வராந்தாவுக்கு வந்துவிடுகிறோம். வராந்தாவில் தூண்கள் இருப்பதால் 'ழ' போகும்போது இடித்துக்கொள்கிறார்கள். பள்ளியின் பின்பக்கச் சுவரை இடித்துக் கட்டுகிறார்கள், ஒரே தூசி. தலைமை ஆசிரியை வந்து வகுப்பைச் சோதித்தார். உன் மகளை இனி அதே வகுப்பில் வைக்கத் தேவையில்லை, அடுத்த வகுப்புக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். சந்தோஷம்தானே? தபால்காரர் மகன்கூட 'பாடம்' படித்துவிட்டான்.

சின்னப் பிள்ளைகள்தானே, சில வார்த்தைகள் சிலருக்கு மெதுவாக வரும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. அந்தத் தாளை இன்னும் கொடுக்கவில்லை. நல்ல நேரம் பார்த்துக் கொடுக்கிறேன்.

அண்ணி சுகம். தொப்பி அனுப்பியாயிற்று.

உன் அண்ணன்

மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

சுகமா? தொப்பி வந்தது. அளவெடுக்காமலே இவ்வளவு சரியாக எப்படித் தைத்தீர்கள்?

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது என்பது நமக்குத் தெரியும். சுவர், தூசி, தூண் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். என் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நீங்கள் எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. இப்போது எழுதுங்கள் அண்ணி. என்ன விஷயம்? எதுவாக இருந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை

மே 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. துணி வெட்டுவது மாதிரி நேராக வெட்டிச் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. உனக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் எழுதினோம். அனலில் கிடந்தவள் என்னைப் பார்த்து "அம்மா" என்றாள். நானும் என்னை அறியாமல் "என்னம்மா" என்றுவிட்டேன். எனக்கு அந்தக் குரல் இத்தனை வருஷத்தில் கேட்டதில்லை, உனக்குத் தெரியும். காய்ச்சலில் சொன்னதுதானே என்று விட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து உடம்பு தேறி, தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை என் முகத்தைத் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள். நான் சீப்பை வைத்துவிட்டு, "அத்தைடி. அம்மா அங்க இருக்காங்க" என்று சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். அழவில்லை, ஒன்றுமில்லை. நான்தான் மெஷினில் போய் உட்கார்ந்து, நூல் இல்லாமலே மிதித்துக்கொண்டிருந்திருக்கிறேன். உன் அண்ணன் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அந்த வார்த்தையை அவள் யாரிடமும் சொல்வதில்லை. போனிலும் அதனால்தான் பேசாமல் நிற்கிறாள் என்று நினைக்கிறேன். மைதானத்தில் மற்ற பிள்ளைகள் 'அம்மா' குதிக்கும்போது இவளும் குதிக்கிறாள். அ, ஒரு சின்னக் குதி. ம், எம்பிக் கை தட்டி உதட்டை மூடிக்கொண்டு நின்றுவிடுகிறாள். அப்புறம் மா வைப்பதில்லை. எல்லோரும் பெரிய எட்டு வைத்துப் போய்விடுகிறார்கள். இவள் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறாள்.

உன் அண்ணன் ஒரு நாள் கேட்டிருக்கிறார், ஏன் நிறுத்திட்டே என்று. அவள் சொன்னாளாம்: "அது நீளமா போகுது மாமா. போயி எங்க நிக்கிறது?"

அன்று அவர் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. இதை உனக்கு எழுதக் கூடாது என்றார். நான் எழுதிவிட்டேன். நான் அவளிடம் அப்படிச் சொன்னது சரியா தப்பா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. உன்னுடையதை நான் எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்றுதான் சொன்னேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அண்ணி

ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

இங்கே நலம் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? அண்ணி எழுதி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. போன் செய்தாலும் வேலையில் இருக்கிறாய் என்கிறார்கள். எங்கள் மேல் கோபமா? கோபமாக இருந்தால் அதையே எழுது, நாலு பக்கம் திட்டி எழுது. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே அண்ணி மெஷினை நிறுத்திவிடுகிறாள். அவர் தாண்டிப் போன பிறகுதான் மறுபடி சத்தம் கேட்கிறது.

உன் மகளும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் உன் பழைய கடித உறைகளை எடுத்துவைத்து, மேலே இருக்கும் விலாசத்தைக் குதித்துக்கொண்டிருக்கிறாள்.

உடம்பு சரியாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை போதும்.

உன் அண்ணன்

ஆகஸ்ட் 19

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உடம்பு நன்றாக இருக்கிறது. உங்களைப் பதற வைத்துவிட்டேன். நீங்கள் மூவரும் நலம்தானே?

கோபம் இல்லை. எழுதினேன், கிழித்தேன், மறுபடி எழுதினேன். என்ன எழுதினாலும் அண்ணியிடம் போய்ச் சேரும்போது வேறு மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது.

மூன்று வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. செப்டம்பர் பிறந்ததும் வருகிறேன். அவளிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள், வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். மற்றதெல்லாம் நேரில்.

உங்கள் தங்கை

அக்டோபர் 6

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். வந்த மறுநாளே வேலை. நீங்கள் சுகமா? அவள் சாப்பிடுகிறாளா? தூங்குகிறாளா? கேட்காமல் இருக்க முடியவில்லை.

நேரில் சொல்லிவிடலாம் என்று வந்து, மூன்று வாரமும் வாயைத் திறக்காமலே திரும்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் அவளைப் பார்த்துவிட்டுப் போக வரவில்லை. கூட்டிக்கொண்டு வரத்தான் வந்தேன். அண்ணியின் கடிதம் வந்ததிலிருந்து அந்த இரண்டு மாதமும் அதற்காகத்தான் அலைந்தேன். இங்கே ஒரு அறை பார்த்தேன், மேட்ரனிடம் அனுமதி வாங்கினேன், அவளுக்கு ஒரு குளிர்க் கோட்டு வாங்கினேன். சிவப்பு. அது என் பெட்டியின் அடியில் இருந்தது.

வாசலில் என்னைப் பார்த்ததும் அவள் ஓடி வரவில்லை, கவனித்தீர்களா? "வாங்க" என்றாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுப்பது மாதிரி, தட்டில் வைத்து. மைதானத்தில் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் 'ழ' நடக்க வைத்தாள். "நீங்க தப்பா திரும்புறீங்க. இப்பிடி வாங்க" என்று அதட்டினாள். நான் வேண்டுமென்றே மறுபடி தப்பாகத் திரும்பினேன், இன்னொரு முறை கையைப் பிடிப்பாள் என்று. அண்ணன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது வாரம் வராந்தாவில் விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாளே, அன்றைக்கு. அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வந்தாள். நான் கதவருகேதான் நின்றேன். நர்ஸ் வேறு. என்னைத் தாண்டிப் போய் மெஷினுக்குப் பின்னால் அண்ணியின் மடியில் விழுந்தாள். அண்ணி, நீங்கள் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. தோளைப் பிடித்துத் திருப்பி, "அம்மாகிட்ட காட்டு, அவங்கதான் மருந்து போடுவாங்க" என்றீர்கள். அவளும் வந்தாள், காலை நீட்டினாள். நான் மருந்து போட்டேன். அவள் கண் உங்கள் மேல்தான் இருந்தது.

அன்றைக்கே தெரிந்துவிட்டது. இங்கே கொண்டுவந்தால் அவள் என்ன செய்வாள்? நான் வேலைக்குப் போன பிறகு, நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடுகிற அறையில், சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலில் நிற்பாள். கூட்டி வருவதென்றால் அவளுக்காகவா, எனக்காகவா? கோட்டைப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன்.

விமான நிலையத்தில் நடந்ததை நீங்கள் தூரத்திலிருந்துதான் பார்த்தீர்கள். உள்ளே போகிற கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நான் குனிந்து அவளுக்கு முத்தம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் திரும்பினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சின்னக் குதி. அப்புறம் எம்பி, தலைக்கு மேல் கை தட்டி, உதட்டை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். காவலாளி விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தார். நான் பையைக் கீழே போட்டேன். அவள் பெரிய எட்டாக ஒன்று வைத்தாள். போதவில்லை. இன்னொன்று வைத்தாள். அதுவும் போதவில்லை, ஓடி வந்தாள். வாயைத் திறந்து இழுத்த 'மா'வை என் வயிற்றில் வந்து முட்டின பிறகும் நிறுத்தவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நிமிஷம் கோட்டை எடுத்து மாட்டிக் கையோடு கூட்டிக்கொண்டு ஓடியிருப்பேன் அண்ணா. பெட்டியை முன்பே உள்ளே கொடுத்துவிட்டிருந்தேன். அதுவும் நல்லதுதான்.

இங்கே ஒத்துக்கொண்ட காலம் முடிகிறவரை வேலை பார்த்துவிட்டு, அவள் மூன்றாம் வகுப்புக்குப் போகும் முன் வந்துவிடுகிறேன். நீட்டிக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்று மேட்ரனிடம் சொல்லிவிட்டேன். அங்கே நம் ஊர் ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒரு வேலை கிடைக்காமலா போகும்? வந்தாலும் உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயேதான் வீடு பார்க்க வேண்டும். அவளுக்கு இரண்டு வாசலும் வேண்டும்.

அவளுக்கு ஒரு தாள் தனியாக இருக்கிறது. இனிமேல் மறைக்காமல் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் தங்கை

அக்டோபர் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். காலை உதறுகிறாள், நான் போர்த்திவிடுகிறேன். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கு.

உன் அண்ணன்தான் பதில் எழுத உட்கார்ந்தார். உன் கடிதத்தை மறுபடி படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிறேன் என்று எழுந்து போனவர் வரவே இல்லை. அதனால் நான் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் விடுப்பு முடிந்து வந்துவிட்டார். ஆனால் தினமும் ஒரு பாடவேளை நீங்களே மைதானத்துக்குக் கூட்டிப் போங்கள் என்று இவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அதில் ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கோட்டை நான் பார்த்தேன். நீ வந்த அன்றைக்கே, அழுக்குத் துணி எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது. எனக்கு அளவு நாடா தேவையில்லை. அவளுக்கு ஒரு சுற்றுப் பெரியதாக வாங்கியிருந்தாய். ஒரு குளிர்காலத்துக்கு வாங்கினது இல்லை என்று புரிந்துவிட்டது. அன்று மத்தியானமே அவள் நல்ல துணிகளையெல்லாம் துவைத்து, பொத்தான் விட்டதை வைத்துத் தைத்து, மடித்து ஒரு பையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நீ எப்போது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கத் தயாராக. மூன்று வாரமும் நீ கேட்கவில்லை. விமான நிலையத்திலிருந்து வந்து அந்தப் பையைப் பிரித்தேன். ஒவ்வொன்றாக மறுபடி அலமாரியில் வைத்தேன். இதையெல்லாம் உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ முதலில் சொன்னதால் சொல்கிறேன்.

கோட்டை யாருக்காவது கொடுத்துவிடாதே. வீட்டில் இருக்கட்டும்.

உன் தாளைக் கொடுத்தோம், அந்தப் பழைய தாளையும் சேர்த்து. நாங்கள் படித்துக் காட்டவில்லை. வாங்கிக்கொண்டு நேராகப் போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். எங்களுக்குக் காட்டவும் இல்லை, என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவும் இல்லை. இப்போது தினமும் பள்ளி விட்டு வந்ததும் அங்கேதான் போகிறாள்.

திரை தரை வரை வராது. பாதம் மட்டும் தெரியும். படிக்கும்போது அந்தப் பாதம் சும்மா இருப்பதில்லை. நேற்று ஓரம் அடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல ஒரு சின்னக் குதி. எம்பி ஒரு நிறுத்தம். அப்புறம் திரைக்குள்ளேயே முடிந்த அளவுக்குப் பெரிய எட்டு. என் கை மெஷின் சக்கரத்திலேயே நின்றுவிட்டது.

சாயங்காலம் உன் அண்ணனிடம் கேட்டேன், குதி, நிறுத்தம், பெரிய எட்டு என்றால் 'அம்மா' தானே என்று. "ஆமாம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "'அத்தை'ன்னாலும் அப்படித்தான். ஐயும் நெடில்தானே" என்றார்.

நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்ல வேண்டாம். நாளைக்கும் பள்ளி விட்டு வந்து திரைக்குப் பின்னால் போவாள். நான் அந்த நேரத்துக்கு ஜன்னலைப் பார்த்து மெஷினைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொண்டு நட.

அண்ணி